பூஜைக்கு ரோஜா வளர்ப்போர் கவனத்திற்கு

ஆக்லாந்தில் வீட்டு வாசலில் நாலு முழம் நிலம் இருந்தாலும் நம் அன்பர்கள் ஒரு ரோஜாச் செடியாவது வைக்காமல் விடுவதில்லை. சுவாமிக்குச் சாத்தத் தோட்டத்துப் பூ கிடைப்பது பாக்கியமே. ஆனால் ஊர் வழக்கத்தை அப்படியே இங்கு கடைப்பிடித்தால் செடி ஏமாற்றிவிடும்.

முதலாவது, கவாத்து. ஊரில் மழை ஓய்ந்த பிறகு செய்வதை இங்கே குளிர்காலத்தில், ஜூலை மாதத்தில் செய்ய வேண்டும். ஆடி பிறந்ததும் கத்தரியை எடுப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை எல்லாவற்றையும் நீக்கி, செடியின் நடுவே காற்றுப் புகும்படி விடவேண்டும். தீபாவளி சமயத்தில் முதல் பூக்கள் வந்துவிடும்.

எந்த ரகம் நல்லது என்று கேட்போர், நவம்பரில் பார்னெல் ரோஜாத் தோட்டத்துக்கு ஒரு நடை போய் வரலாம். அங்கே பூவைப் பார்த்து மயங்காமல் செடியின் அடி இலைகளைப் பார்க்க வேண்டும். அவை பச்சையாக இருந்தால் அந்த ரகம் இவ்வூர் ஈரக் காற்றைத் தாங்கும் என்று பொருள். சாம் மெக்ரெடி உருவாக்கிய ‘டப்ளின் பே’ என்னும் சிவப்புக் கொடி ரோஜா (1975) அப்படிப்பட்டது. வாசனை மட்டும் குறைவு. மெக்ரெடியும் நம்மைப் போல வந்து குடியேறியவர்தான். 1972-இல் வட அயர்லாந்திலிருந்து ஆக்லாந்துக்கு வந்தார். பன்னீர் ரோஜாப் பதியனை ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் யோசனையை மட்டும் கைவிடுக. விமான நிலையத்தில் அது பறிபோவதோடு அபராதமும் கட்ட நேரும்.

ரோஜா பசி மிகுந்த செடி. செப்டம்பரில் ஒரு முறை, முதல் பூ ஓய்ந்ததும் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை உரமிட்டால் போதும். அதன்பின் நிறுத்திவிட வேண்டும். கடைகளில் பரவலாக விற்கும் உரம் இரத்தமும் எலும்பும் பொடித்துச் செய்தது. பூஜைச் செடிக்கு அது வேண்டாம் என்போர் ஆட்டு எரு உருண்டைகளைப் போடலாம். தண்ணீரைக் காலையில் அடியில் ஊற்றுக. இலை நனைந்து கிடந்தால் கரும்புள்ளி நோய் வரும். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட வேண்டும், எருக்குழியில் போடலாகாது. இளந்தளிரில் அசுவினி மொய்த்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மிச்சத்தைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். சுவாமிக்குச் சாத்தும் பூவிலும் குல்கந்து போடும் இதழிலும் விஷ மருந்து தெளிப்பது எவ்வகையிலும் சரியல்ல.

பூச்சியைவிடக் கவலைப்பட வேண்டியது எருப்பை. கடையில் வாங்கும் தொட்டி மண்ணிலும் மக்கிய எருவிலும் ‘லீஜியோனெல்லா லாங்பீச்சே’ என்னும் கிருமி வாழ்கிறது. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் தங்கிய பலரைக் கொன்ற நிமோனியாக் காய்ச்சலை உண்டாக்கிய கிருமிக்கு இது நெருங்கிய உறவு. அது தண்ணீரில் வளர்வது, இது மண்ணில். நியூஸிலாந்தில் அந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் இந்த மண் இனமே. தோட்ட வேலை மும்முரமாகும் வசந்தத்திலும் கோடையிலும்தான் நோயாளிகள் அதிகம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. தூசியாக மூச்சில் போவதாலேயே வருகிறது. ஐம்பது வயது கடந்தோர், புகை பிடிப்போர், ஆஸ்துமா போன்ற நுரையீரல் கோளாறு அல்லது நீரிழிவு உள்ளோர் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

சுவாமிக்கு வைக்கும் பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது நம் பெரியோர் வழக்கம். எருவுக்கும் அதே விதியை வைத்துக்கொள்ளலாம்! பையைக் கையால் கிழிக்காமல், முகத்தை விலக்கிக்கொண்டு கத்தரியால் மெல்ல வெட்டித் திறக்க வேண்டும். வெட்டவெளியில் நின்று, முகமூடியும் கையுறையும் அணிந்து, எருவைச் சிறிது தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே அள்ள வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முகத்தைத் தொடவோ, காப்பி டம்ளரை எடுக்கவோ வேண்டாம்.

தோட்ட வேலை செய்த இரண்டு வாரத்துக்குள் குளிர்க் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல், தலைவலி கண்டால் ‘ஃப்ளூ’ என்று கஷாயம் குடித்துக்கொண்டு படுத்திருக்கலாகாது. சிலருக்கு வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் சேர்ந்து வரும். உடனே டாக்டரிடம் போய், “எருப்பை திறந்தேன்” என்று கேட்காமலே சொல்லிவிட வேண்டும். சாதாரண நிமோனியாவுக்குக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படா. வேறு மருந்து உண்டு. தாமதமின்றித் தொடங்க வேண்டும். அதற்குத் தக்க பரிசோதனை செய்ய, அந்த ஒரு வார்த்தை டாக்டருக்குப் பெரிய துப்பு.

முள் குத்தினால் சோப்பும் தண்ணீரும் போதும். ஆனால் குத்திய இடத்தில் ஆறாத கட்டி எழும்பி, கைவழியே மேலும் கட்டிகள் வரிசையாகத் தோன்றினால் அது மண்ணில் உள்ள ஒரு பூஞ்சணத்தின் வேலையாக இருக்கலாம். காட்டி மருந்து சாப்பிட வேண்டும். இரணஜன்னி ஊசி போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டவர்கள், ஆடிக் கவாத்துக்கு முன்பே அதைப் போட்டுக்கொள்வது நல்லது.