துளையை அளப்பது எப்படி?

மாணவர்களே, ஒரு பென்சிலின் தடிப்பை அளக்கச் சொன்னால் உடனே அளந்துவிடுவீர்கள். ஒரு துளையின் உள்விட்டத்தை அளக்கச் சொன்னால்? அதுவும் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு வரை சரியாகச் சொல்ல வேண்டும் என்றால்?

பத்து பஹாட்டுக்கும் குளுவாங்கிற்கும் சாலை பிரியும் நம் ஆயர் ஈத்தாமில் உள்ள மோட்டார் பட்டறைகளிலும் இந்தக் கேள்வி எழுகிறது. பல ஆண்டு ஓடிய ‘கப்சாய்’ நீலம் கலந்த புகையைக் கக்கினால், எண்ணெயும் சேர்ந்து எரிகிறது என்று பொருள். பிஸ்டன் வளையத்தை மட்டும் மாற்றினால் போதுமா? அல்லது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட வேண்டுமா? சிலிண்டரின் உள்விட்டம்தான் இதற்குப் பதில் சொல்லும். தவறாக அளந்தால் வீண் செலவு. அல்லது சில வாரங்களில் மீண்டும் புகை.

பழைய ஹோண்டா இ.எக்ஸ். 5 மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 49.5 மி.மீ. உருளையின் கன அளவைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தில் இவற்றைப் போட்டுப் பாருங்கள். சுமார் 97 கன சென்டிமீட்டர் வரும். இத்தகைய இயந்திரங்களில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். தலைமுடியின் தடிப்போ ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும். அப்படியானால் அளவு எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெர்னியர் அளவி போதாதா?

பள்ளியில் ‘அங்குப் வெர்னியர்’ என்று படித்திருப்பீர்கள். அதன் மேற்பக்கம் உள்ள சிறு தாடைகள் உள்விட்டத்தை அளப்பதற்கே உள்ளன. ஆனால் அந்தத் தாடைகளின் விளிம்பு கத்தி முனைபோல் கூர்மையாக இருப்பதில்லை. சற்றுத் தட்டையாக இருக்கும். துளையின் சுவரோ வளைந்தது. தட்டையான விளிம்பு வளைந்த சுவரின் ஆழம் வரை போய்த் தொட முடியாது. ஆகவே, நீங்கள் அளப்பது விட்டத்தை அன்று. விட்டத்தைவிடச் சிறிய ஒரு நாணை.

பிழை எவ்வளவு? பித்தாகரஸ் தேற்றமே சொல்லிவிடும். தட்டையான பகுதியின் அகலம் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். துளையின் உண்மையான விட்டம் 5 மி.மீ. என்றால், 25இலிருந்து 1ஐக் கழித்து வர்க்கமூலம் காணுங்கள். கிடைப்பது 4.90 மி.மீ.; பிழை 0.10 மி.மீ. விட்டம் 50 மி.மீ. என்றால் இதே கணக்கில் பிழை 0.01 மி.மீ. மட்டுமே. துளை சிறிதாகச் சிறிதாகப் பிழை பெரிதாகிறது!

பெரிய துளையிலும் வேறொரு சிக்கல் உண்டு. அளவி 2 பாகை சாய்ந்துவிட்டால், 50 மி.மீ. என்பது 50.03 மி.மீ. ஆகத் தெரியும். ஆகவே இரண்டு விதிகளை மனத்தில் வையுங்கள். துளையின் குறுக்கே தேடும்போது மிகப் பெரிய அளவே விட்டம். நீளவாக்கில் சாய்த்துப் பார்க்கும்போது மிகச் சிறிய அளவே சரியானது.

பட்டறைக்காரரின் முறை

இதற்கென்றே ‘போர் கேஜ்’ என்னும் கருவி உண்டு. நீண்ட தண்டின் அடியில் தொடுமுனைகளும் மேலே கடிகாரம் போன்ற முகப்பும் இருக்கும். முதலில் திருகு அளவியை 50.00 மி.மீ.க்கு வைத்து, அதில் இக்கருவியைப் பொருத்தி, முள்ளைச் சுழியத்திற்குக் கொண்டு வருவார்கள். பிறகு சிலிண்டருக்குள் இறக்கி முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுவார்கள். முள் ஒரு பக்கம் போய்த் திரும்பும் அல்லவா? திரும்பும் அந்த இடமே மிகச் சிறிய அளவு, அதுதான் விட்டம்.

ஓர் இடத்தில் அளந்தால் போதாது. மேல், நடு, கீழ் என மூன்று ஆழங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில், மொத்தம் ஆறு முறை அளக்க வேண்டும். பிஸ்டன் வளையம் திரும்பும் மேற்பகுதியில் அழுத்தம் அதிகம், எண்ணெய் குறைவு. எனவே அங்கே தேய்மானமும் அதிகம். கிடைத்த அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டினால் மட்டுமே குடைய வேண்டும்.

இயந்திரம் ஆறிய பிறகே அளக்க வேண்டும். வெப்பத்தில் உலோகம் விரியும்போது துளை சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் துளையும் சேர்ந்து பெரிதாகும். 50 மி.மீ. வார்ப்பிரும்புத் துளை 50 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 0.03 மி.மீ. விரியும். நீள அளவைகளுக்கு உலகம் முழுவதும் 20 பாகை செல்சியஸ் பொது வெப்பநிலையாக வைக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

ஒரு நாணயத் தடிப்பு

இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் 1769இல் தமது நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் நீராவி கசியாதபடி சிலிண்டரைக் குடைய ஆளில்லை. பீரங்கிக் குழாய் குடைவதற்கு 1774இல் காப்புரிமை பெற்ற ஜான் வில்கின்சன்தான் வழி கண்டார். குடையும் தண்டை இரு முனைகளிலும் தாங்க வைத்தார். அவர் குடைந்த 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிப்பைக்கூடத் தாண்டவில்லை என்று வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் வியந்தார். அந்த வியப்பு இன்றைய பட்டறையில் பெரும் பிழையாகிவிடும்!

செய்து பாருங்கள்

ஆயர் ஈத்தாம் மண்பாண்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். கையால் வனைந்த ஒரு மண் குவளையை எடுத்து, அதன் வாயின் உள்விட்டத்தை ஆறு திசைகளில் அளந்து அட்டவணையில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அளவுகோலை மெல்ல நகர்த்தி, மிகப் பெரிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறும் ஒன்றாக இருக்கின்றனவா? வேறுபாடு எவ்வளவு? அடுத்து, இயந்திரத்தில் செய்த ஒரு கண்ணாடிக் குவளையை அதேபோல் அளந்து, இரு அட்டவணைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.