கொம்பு ஏன் இடம் மாறுகிறது?

கம்ப்யூட்டர் திரையில் தமிழ் அழகாகத் தெரிகிறது. அதே கம்ப்யூட்டரில் தயாரித்த சான்றிதழில் மட்டும் உருக்குலைந்து வருகிறது. நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அச்சாகி வந்த சான்றிதழ்களில், 'செல்வி'யின் கொம்பு சகரத்தைத் தாண்டி லகரத்துக்கு முன்னால் போய் நின்றது. "எழுத்துரு சரியில்லை" என்றார்கள் அச்சிட்டுத் தந்தவர்கள். உண்மையில் எழுத்துருமேல் குற்றமில்லை.

யூனிகோடு முறையில் 'செ' என்பது ச முதலில், கொம்பு பிறகு என்று ஒலி வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது. வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். 'கொ' என்றால் இரு பக்கமும் குறி வைக்க வேண்டும். 'கு', 'மு' என்றால் ஒட்டிய வடிவத்தைத் தேடி எடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். மென்பொருளில் நூலகம் என்றால், பல நிரல்கள் பொதுவாக எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்பு. ஃபயர்பாக்ஸ், குரோம், லிபர் ஆபீஸ் எல்லாம் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகின்றன. அதனால்தான் திரையில் தமிழ் சரியாக இருக்கிறது.

நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே படத்தின்மேல் மாற்றி மாற்றி எழுத, பைதான் மொழியில் 'பில்லோ' என்ற நூலகத்தைப் பயன்படுத்துவார்கள். அதற்கு எழுத்துகளை அடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அடிப்படை வழி. வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். மற்றொன்று 2017இல் வந்த 4.2 பதிப்பில் சேர்ந்த 'ராக்ம்' வழி; இது ஹார்ஃப்பஸைக் கேட்டு அடுக்கும். தமிழுக்கு இரண்டாவது வழிதான் வேண்டும்.

சிக்கல் இங்கேதான். பில்லோவை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்யும்போது ஜேபெக், ஸீலிப் இரண்டும் வழக்கமாகக் கட்டாயம். ராக்ம் விருப்பத்தின் பாற்பட்டது. அந்த இயந்திரத்தில் இருந்தால் சேரும். இல்லாவிட்டால் விட்டுவிட்டு வேலை முடிந்துவிடும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் பில்லோ பொதியில், 2021இல் வந்த 8.2 பதிப்பு முதல் ராக்ம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது ஓடும்போது ஃப்ரிபிடி என்ற இன்னொரு நூலகத்தைத் தேடும். ஃப்ரிபிடியின் வேலை அரபி, ஹீப்ரு போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளைக் கவனிப்பது. தமிழுக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. ஆயினும் அது இல்லையென்றால் ராக்ம் முழுவதுமே இயங்காது. பில்லோ அடிப்படை வழிக்குத் திரும்பிவிடும். அரபிக்கான பொருள் இல்லாததால் தமிழ்க் கொம்பு இடம் மாறுகிறது!

ரயில் பெட்டியில் இப்படித்தான். ஏர் பிரேக் குழாயைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும்போதே பொருத்த வேண்டும். அது கம்பைல் நேரத் தேர்வு. நிலையத்தில் எஞ்சினோடு ரப்பர் குழாயை இணைக்க வேண்டும். அது ஓடும் நேரச் சார்பு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெட்டிக்குக் காற்று போகாது.

ஆனால் ரயில்வேயில் சிக்னல் பழுதானால் அது சிவப்புக்கு விழ வேண்டும் என்பது விதி. பில்லோவிலும் அதற்கு ஒரு வழி உண்டு. எழுதும் கட்டளையில் மொழி தமிழ் என்று குறிப்பிட்டுவிட்டால், ராக்ம் இல்லாத இயந்திரத்தில் அது தவறாக வரையாமல் பிழை காட்டி நின்றுவிடும். டெபியன், உபுண்டு இயந்திரங்களில் ஃப்ரிபிடி பொதியை நிறுவிக்கொண்டால் போதும். ஆயத்தப் பொதியில் ராக்ம் வேலை செய்யும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் 'கொடைக்கானல் முருகன்' என்று ஒரு மாதிரி கேட்டு வாங்கிப் பாருங்கள். கொம்பு, கால், ஐகாரம், புள்ளி, உகரம் எல்லாம் அதில் அடக்கம். வீட்டுக்கு வெளியே தமிழையே காணாத பிள்ளைக்குத் தன் பெயரைத் தமிழில் பார்க்கும் முதல் அச்சுத்தாள் அந்தச் சான்றிதழாக இருக்கலாம். அதில் இருப்பதுதான் சரியான எழுத்து என்று அது நினைத்துக்கொள்ளும்.