'இஸ்'ஸா, 'பி'யா?

போன வாரம் ஒரு வரைவில், 'வீ சஜஸ்ட் தட் தி டோஸ் இஸ் கெப்ட் லோ' என்று எழுதியிருந்தேன். மருந்தைக் குறைவாகக் கொடுங்கள் என்பது நான் சொல்ல வந்த பரிந்துரை. படித்த நண்பரோ, ஏற்கெனவே குறைவாகத்தான் கொடுக்கிறார்கள்போல என்று எடுத்துக்கொண்டார். மருந்து விஷயத்தில் இது சின்னத் தப்பா என்ன!

'சஜஸ்ட்' என்ற ஒரே சொல் 'எனத் தெரிகிறது', 'எனப் பரிந்துரைக்கிறோம்' இரண்டுக்கும் வரும். பரிந்துரை என்றால் 'இஸ்' போய் 'பி' வரணும், இதுதான் சப்ஜங்டிவ். தமிழில் இந்த வம்பே இல்லை, 'இருக்கிறது', 'இருக்கட்டும்' என்று வினையே சொல்லிவிடும். பன்மையில் இன்னும் சிக்கல்: 'பேஷண்ட்ஸ் ரிசீவ்' என்பது இரண்டு அர்த்தத்திலும் அதேதான். பிரிட்டிஷ்காரர்கள் பரிந்துரைக்கும் 'இஸ்' போடுவதுண்டு. நான் பேசாமல் 'ஷுட் பி' என்று மாற்றிவிட்டேன்.