முதலில் போவது யார்?

உடையவர் அவதரித்த ஸ்தலமென்று நம் பாட்டிமார் கைகூப்பிய ஸ்ரீபெரும்புதூருக்கு இப்பொழுது மற்றொரு கீர்த்தியும் சேர்ந்திருக்கிறது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹியுண்டாய் கம்பெனியார் 1998-ஆம் வருஷத்தில் மோட்டார் வண்டி உற்பத்தியைத் தொடங்கினார்கள். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலையும், 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இந்தப் பிரதேசத்தில் பிறந்த வண்டிகள் பல கப்பலேறிக் கடல் கடந்திருக்கின்றன. சாலையின் வலப்புறம் செல்லும் தேசங்களுக்கு அனுப்பும் வண்டிகளில், ஸ்டியரிங் சக்கரத்தை இடப்பக்கம் மாற்றிப் பொருத்துகிறார்கள்.

வண்டிக்கு அவ்வளவு போதும். ஓட்டுகிற மனிதனுக்கு?

தொழில் நிமித்தமாக வெளிதேசம் செல்லும் பிள்ளைக்கு ஊறுகாய் ஜாடி கட்டிக்கொடுக்க எந்தத் தாயாரும் மறப்பதில்லை. பிள்ளையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்கிறான். ஆனால் நாற்சந்தியில் முதலில் போகவேண்டியவர் யார் என்பதை அந்தச் சீட்டு சொல்லித் தராது. உயிர் போகக்கூடிய விஷயம் அதுதான்.

விளக்கும் பலகையும் போலீஸ்காரரும் இல்லாத ஒரு சந்தியை எண்ணிப் பாருங்கள். பிரதான சாலையாக இல்லாவிட்டால், வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டுமென்பது நமது தேசத்துச் சட்டம். ஜெர்மனியில் சாலையின் வலப்புறம் செல்கிறார்கள்; எல்லாமே தலைகீழ் என்று தோன்றும். ஆயினும் அங்கும் வலப்புறமிருந்து வருபவருக்கே முதல் உரிமை. ஜப்பானிலோ நம்மைப்போல் இடப்புறம் செல்கிறார்கள். சொந்த ஊருக்கு வந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் ஒத்த அகலமுள்ள வீதிகள் கூடுமிடத்தில், இடப்புறமிருந்து வருபவருக்கு அங்கே வழிவிட வேண்டும்! அந்நியமாய்த் தோன்றும் தேசத்தில் பழகிய விதி. பழகியதாய்த் தோன்றும் தேசத்தில் அந்நிய விதி. கண்ணை நம்பினால் மோசம் போக நேரும்.

பலகைகளும் அப்படியே. தலைகீழ் முக்கோணம் நம் நாட்டில் ‘வழி விடு’ என்கிறது. ஜப்பானில் சிவப்புத் தலைகீழ் முக்கோணத்தின் பொருள் ‘நில்’. அங்கே ரயில்பாதையைக் கடக்குமுன், ரயில் வராவிட்டாலும், நின்று பார்த்தே செல்லவேண்டும். கொரியாவிலோ, எதிரே சிவப்பு விளக்கு எரியும்போது வலப்புறம் திரும்ப விரும்புபவர் முழுவதும் நின்ற பிறகே திரும்பலாம்.

இவ்வளவு வித்தியாசங்களிலும் ஒரு விஷயம் மாறுவதில்லை. கோடு போட்ட இடத்தில் சாலையைக் கடக்கும் பாதசாரிக்காக வண்டி நிற்கவேண்டும். ஜெர்மனியில் அது சட்டம். ஜப்பானில் அது சட்டம். நம் தேசத்திலும், 2017-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட ஒழுங்குவிதிகளின்படி, அது சட்டமே!

ஆகவே, இதைக் கற்பதற்கு விமானம் ஏறவேண்டியதில்லை. ஷிப்டு முடிந்து ஒரகடம் சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் தொழிலாளிகளைப் பாருங்கள். உலகத்துக்கு வண்டி செய்து கொடுப்பவர்கள் அவர்கள். அவர்களுக்காக ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தப் பழகியவனுக்கு எந்த தேசத்துச் சந்தியிலும் பாதி விதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதியைப் புறப்படுமுன் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.