மூடுபனியில் கரம் ஏன் ஓடுவதில்லை?

மலையகத்துப் பூனாகலையில் மூடுபனி இறங்கும் நாட்களில் லயத்து இஸ்தோப்பில் கரம் விளையாடிப் பாருங்கள். எவ்வளவு ஓங்கிச் சுண்டினாலும் ஸ்ட்ரைக்கர் பாதி வழியிலேயே படுத்துவிடும். பழி பலகையின் மேல்தான். ஒட்டுப்பலகை காற்றின் ஈரத்தை உறிஞ்சும், மேலே மெல்லிய நார்கள் எழும், உராய்வு கூடும். காய்க்கும் பலகைக்கும் நடுவே புகுந்து வழுக்கச் செய்யும் போரிக் தூளும் ஈரத்தில் கட்டிபட்டுவிடும். அதற்காக மேலும் அள்ளிக் கொட்டுவது வீண்செலவு. துடைத்துவிட்டுச் சிட்டிகை தூவினால் போதும்.

வீட்டுக்குப் புதிதாகப் பலகை வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். 15 கிராம் ஸ்ட்ரைக்கரைச் சட்டத்தோரம் வைத்துப் பலமாகச் சுண்டுங்கள். மூன்றரைத் தடவை குறுக்கே ஓடினால் அது போட்டித் தரம். ஈரம் போகட்டுமென்று அடுப்பருகே மட்டும் சாய்த்து வைக்காதீர்கள்: ஒரு முகம் முந்திக் காய்ந்து பலகை வளைந்துவிடும்.