கதிரவனைத் தொலைநோக்கியால் படமெடுத்தல்: தம்மாம்வாழ் தமிழர் அறிய வேண்டியவை

2019 டிசம்பர் 26 அன்று காலை, தம்மாமுக்குத் தெற்கேயுள்ள ஹுஃபூஃபில் கதிரவன் உதிக்கும்போதே பெரும்பகுதி மறைக்கப்பட்டிருந்தது. சிறிது நேரத்தில் அது நெருப்பு வளையமாகத் தோன்றியது. அவ்வளையக் கிரகணத்தின் நிழற்பாதை கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், ஓமான் ஆகியவற்றைக் கடந்து, அரை மணி நேரத்திற்குள் கோயம்புத்தூரை எட்டியது. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களும் அப்பாதையிலேயே அமைந்தன. அன்று தம்மாமில் தெரிந்தது பகுதி கிரகணம்.

அடுத்த பெருங்கிரகணம் 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை நிகழவுள்ளது. ஜித்தா, மக்கா ஆகிய நகரங்களில் அது முழுக்கிரகணம். தம்மாமில் பகுதி கிரகணமே. கிரகணம் இல்லாத நாள்களிலும் கதிரவனைப் படமெடுக்கலாம். சிறு தொலைநோக்கி ஒன்றும் உரிய வடிகட்டியும் உடையோர், கதிரவனின் முகத்திலுள்ள கரும்புள்ளிகள் நாள்தோறும் இடம்பெயர்வதைப் பதிவு செய்ய இயலும். அப்பணியைப் பாதுகாப்பாகச் செய்யும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

கண்ணுக்கு நேரும் தீங்கு

தொலைநோக்கி ஒளியைத் திரட்டிக் குவிக்கும் கருவி. வடிகட்டி இன்றி அதன் வழியே கதிரவனைக் காண்போரின் விழித்திரை நொடிப்பொழுதில் கருகக்கூடும். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. ஆதலால் தீங்கு நேரும் வேளையில் வலி தோன்றாது. பார்வையின் நடுவில் கரும்படலம் தோன்றுவது பெரும்பாலும் சில மணி நேரம் கழிந்த பின்னரே. இழந்த பார்வையை மீட்கும் உறுதியான சிகிச்சை எதுவும் இல்லை.

எக்ஸ்ரே படலம், புகையேற்றிய கண்ணாடி, குறுந்தகடு, குளிர்கண்ணாடி ஆகிய எவையும் பாதுகாப்பானவை அல்ல. ஊரில் வழங்கும் வழக்கப்படி தாம்பாளத்து மஞ்சள் நீரில் கதிரவனின் பிம்பத்தைக் காண்பதும் தகாது. கிரகணக் கண்ணாடி வெறுங்கண்ணுக்கு மட்டுமே உரியது. அதை அணிந்துகொண்டு தொலைநோக்கியிலோ பைனாகுலரிலோ பார்த்தால், குவிந்த ஒளி அதனைத் துளைத்துக் கண்ணை அடையும்.

வடிகட்டியும் அதன் இடமும்

வடிகட்டி தொலைநோக்கியின் முன்புறத்தில், ஒளி உள்ளே நுழையும் வாயிலில் பொருத்தப்பட வேண்டும். கண் வைக்கும் முனையில் திருகிப் பொருத்தும் பழைய வகைச் சிறு வடிகட்டிகள் குவிந்த வெப்பத்தால் வெடித்துவிடும், அவற்றைப் பயன்படுத்தலாகாது.

சந்தையில் கிடைக்கும் சூரியப் படலங்கள் இரு வகை. 5.0 அடர்த்தி உடையது, ஒளியின் 1,00,000 பங்கில் 1 பங்கை மட்டுமே உள்ளே விடும். கண்ணால் காணவும் படமெடுக்கவும் ஏற்றது. 3.8 அடர்த்தி உடையது ஏறத்தாழ 6,300 பங்கில் 1 பங்கை உள்ளே விடும். இது கேமராவுக்கு மட்டுமே உரியது. வாங்கும்போது எவ்வகை என்பதை உறைமீது பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கதிரவனின் விளிம்பில் எழும் சுடர்களைப் படமெடுக்க விரும்புவோர்க்கு, 656.28 நானோமீட்டர் அலைநீளத்தை மட்டும் அனுமதிக்கும் ஹைட்ரஜன் ஆல்பா வடிகட்டி தேவை. அது விலை மிக்கது. தொடங்குவோர்க்குப் படலமே போதும்.

படமெடுக்கும் முறை

1. படலத்தைப் பிரகாசமான விளக்கின் முன் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளையோ கீறலோ தெரிந்தால் அதனைக் கைவிட வேண்டும். சுருக்கங்களால் தீங்கில்லை.

2. தொலைநோக்கியைக் கதிரவன்பால் திருப்பும் முன்னரே வடிகட்டியைப் பொருத்தி, காற்றில் பெயராதவாறு நாடாவால் ஒட்ட வேண்டும். குழாயின் மேலுள்ள சிறு தேடு தொலைநோக்கியை மூடியிட்டோ கழற்றியோ வைக்க வேண்டும். இதை மறப்பதே பல விபத்துகளுக்குக் காரணம்.

3. கதிரவனைத் தேடக் குழாயின் நிழலைப் பார்த்தால் போதும். தரையில் விழும் நிழல் மிகச் சிறிதாகும்போது தொலைநோக்கி கதிரவனை நோக்கி நிற்கும்.

4. கேமராவின் உணரியில் விழும் பிம்பத்தின் அளவு, குவியத்தூரத்தில் ஏறத்தாழ 110 இல் 1 பங்கு. 1,000 மி.மீ. குவியத்தூரத்திற்குப் பிம்பம் 9 மி.மீ. விட்டமுடையதாக இருக்கும்.

5. ஐ.எஸ்.ஓ. 100 என வைத்து, பல ஷட்டர் வேகங்களில் எடுத்து ஒப்பிட வேண்டும். கதிரவனின் விளிம்போ கரும்புள்ளியோ கூர்மையாகத் தெரியும்வரை குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். சில நூறு படங்களைக் கொண்ட காணொளியிலிருந்து தெளிவானவற்றைத் தேர்ந்து ஒன்றிணைத்தால் நுண்விவரம் கூடும்.

6. முடித்ததும் தொலைநோக்கியைக் கதிரவனிடமிருந்து திருப்பிய பின்னரே வடிகட்டியைக் கழற்ற வேண்டும்.

தம்மாமுக்குரிய குறிப்புகள்

தரை சூடேறுமுன் உள்ள காலைப்பொழுதே உகந்தது. நிலம் சூடேறினால் காற்று அலைந்து படம் மங்கும். ஷமால் காற்று தூசியைக் கொணரும். படலத்தில் படிந்த தூசியைத் துணியால் துடைக்காமல் ரப்பர் ஊதுகுமிழால் ஊதி நீக்க வேண்டும்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் தொழிலாளரை வேலை வாங்குவது சவூதி அரேபியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. 2027 கிரகணம் அக்காலத்தில் வருகிறது. பொழுதுபோக்கிற்காக வெளியே நிற்போரும் நிழல், குடிநீர், ஓய்வு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

படைத்துறை நிலைகள், துறைமுகம், எண்ணெய் நிலையங்கள் ஆகியவற்றின் அருகில் தொலைநோக்கியையும் கேமராவையும் நிறுத்துவதைத் தவிர்க்க வேண்டும். கிரகண வேளையில் பள்ளிவாசல்களில் சிறப்புத் தொழுகை நடைபெறும். தொழச் செல்வோரின் வழியை மறித்தலாகாது.

முழுக்கிரகணம் நிகழும் ஊர்களில், கதிரவன் முற்றாக மறையும் சில நிமிடங்களில் மட்டும் வடிகட்டியைக் கழற்றுவர். தம்மாமில் அத்தகைய கணம் வாராது. ஆகவே இங்குத் தொடக்கம் முதல் முடிவு வரை வடிகட்டி கழற்றப்படவே கூடாது.

எளிய கருவியின் பயன்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 100 ஆண்டுகளுக்கும் மேலாகக் கதிரவன் நாள்தோறும் படமெடுக்கப்பட்டு வருகிறது. அங்கு நெடுங்காலம் பயன்பட்ட வெள்ளொளித் தொலைநோக்கியின் வில்லை 15 செ.மீ. விட்டமுடையதே, இன்று ஆர்வலர் பலரிடம் அவ்வளவு உள்ளது. கரும்புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை, இடைவிடாத இத்தகைய பதிவுகளே காட்டுகின்றன. தேதியும் நேரமும் குறித்து வைத்தால் வீட்டு மாடியில் எடுத்த படமும் பதிவாகும்.

சிறுவர் இருக்குமிடத்தில் தொலைநோக்கியைத் தனியே விட்டுச் செல்லலாகாது. கதிரவனைக் கண்டபின் பார்வை மங்கினாலோ நடுவில் புள்ளி தோன்றினாலோ, வலி இல்லை என்று காத்திராமல் உடனே கண் மருத்துவரை நாட வேண்டும். சவூதி சுகாதார அமைச்சகத்தின் ஆலோசனை எண்: 937.