மேய்ச்சற் பண்ணையில் ஓர் உணவுச்சாலை

கால்நடை வளர்ப்போருக்குத் தம் பொருளின் விலையை நிர்ணயிக்கும் சக்தி பெரும்பாலும் இருப்பதில்லை. பசு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேலாகக் கன்றைச் சுமக்கிறது. கன்று ஏறக்குறைய ஏழு மாதம் தாயுடன் மேய்கிறது. பின்னர் ஒரே நாளில் ஏலத்தில் விலைபோகிறது. அன்றைய விலை எதுவோ அதுவே ஆண்டு முழுவதும் பட்ட பாட்டின் பலன். இந்நிலையிலிருந்த ஒரு பண்ணை, தன் நிலத்திலேயே இரண்டாவது வருமானத்தைத் தேடிக்கொண்ட விதம் நிலமுடையோர் யாவரும் கவனிக்கத்தக்கது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த டெக்ஸாஸ் ராஜ்யத்தில், அபிலீன் நகருக்குத் தெற்கே பஃபலோ கேப் என்னும் சிற்றூர் இருக்கிறது. காட்டெருமை மந்தைகள் குன்றுகளைக் கடந்து சென்ற கணவாயாதலின் இப்பெயர் வந்தது. பிற்காலத்தில் மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் சென்ற பாதையும் இவ்வழியே அமைந்தது. 1878-ல் இவ்வூர் டெய்லர் ஜில்லாவின் தலைமையிடமாயிற்று. 1881-ல் இருப்புப்பாதை இதனை விட்டு விலகி அபிலீன் வழியாகச் செல்லவே, 1883-ல் தலைமையிடமும் அங்கு மாறிற்று. கச்சேரியையும் வியாபாரத்தையும் இழந்த இவ்வூரில் இன்று வசிப்போர் சில நூறு பேரே. ஆயினும் நெடுந்தூரத்திலிருந்து ஜனங்கள் இங்கு உணவருந்த வருகின்றனர். அவர்களை வரவழைப்பது பெரினி பண்ணை.

அப்பண்ணையை நடத்திவந்த டாம் பெரினி, 1973-ல் அண்டைப் பண்ணைகளுக்கும் விசேஷங்களுக்கும் சமைத்துக் கொடுக்கத் தொடங்கினார். அவர் கைக்கொண்டது மாடோட்டிகளின் பழைய சமையல் வண்டி முறை. 1866-ல் சார்லஸ் குட்நைட் என்பவர் ராணுவ வண்டியொன்றில் பெட்டிகளும் அடுக்குகளும் பொருத்தி, மந்தையுடன் செல்லும் சமையலறையாக்கியது முதல் இம்முறை வழங்கிவந்தது. அக்காலம் மாட்டு வியாபாரத்துக்கு நல்ல காலமன்று. 1974-ல் விலைகள் வீழ்ந்தன. 1975-ன் தொடக்கத்தில் அந்நாட்டு மாடுகளின் தொகை, அதற்கு முன்னும் பின்னும் இல்லாத அளவில், சுமார் 13 கோடியே 20 லட்சத்தை எட்டியிருந்தது. சரக்கு மிகுந்தால் விலை தாழ்வது இயல்பே.

பத்தாண்டுகள் இவ்வாறு சமைத்துப் பழகி, வாடிக்கைக்காரர்களைச் சேர்த்த பின்னரே, 1983-ல் பண்ணையிலிருந்த வைக்கோற் கொட்டகை உணவுச்சாலையாக மாற்றப்பட்டது. தடித்த துண்டமாக நறுக்கி அனலில் வாட்டிய மாட்டிறைச்சியே அங்கு முக்கிய உணவு. அதனை ஸ்டேக் என்பர். விறகுக்கு உதவுவது மெஸ்கீட் மரம். நம்மவர் நன்கறிந்த சீமைக் கருவேலின் நெருங்கிய உறவாகிய இது, டெக்ஸாஸ் மேய்ச்சல் நிலங்களில் பல கோடி ஏக்கர் பரவிப் புல்லை அடக்கும் களை. மாடுகள் அதன் காய்களைத் தின்று சாணத்தின் வழியே வித்தைப் பரப்புகின்றன. வெட்டிச் செலவழிக்க வேண்டிய அக்களையே, இங்கே இறைச்சிக்குத் தனி மணம் ஊட்டும் எரிபொருளாயிற்று.

எனினும், தன் மந்தையையே தன் அடுப்பில் ஏற்றிவிடலாம் என்று எவரும் எளிதாக எண்ணலாகாது. 1,200 பவுண்டு எடையுள்ள காளையை அறுத்தால் தலை, தோல், குடல் நீங்கலாகச் சுமார் 750 பவுண்டு உடல் கிடைக்கும். அதில் ஸ்டேக்குக்கு மிகவும் ஏற்ற விலாப்பகுதியும் இடுப்புப்பகுதியும் ஏறத்தாழக் கால் பங்கே. எஞ்சிய முக்கால் பங்கைக் கொத்திறைச்சியாகவும் நெடுநேரம் வேகும் உணவாகவும் செலவிட வழி வேண்டும். அன்றியும், மேய்ச்சலிலிருந்து வந்த கன்றை மேலும் பல மாதம் தானியமிட்டுக் கொழுக்க வைப்பது அந்நாட்டு வழக்கம். உணவுச்சாலைக்குச் செல்லும் இறைச்சி அரசாங்கப் பரிசோதனைக்குட்பட்ட தொட்டியில் அறுக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். ஆகவே மாடு வளர்ப்பதும் உணவு விற்பதும் ஒரே நிலத்தில் நடப்பினும் இரண்டு தொழில்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கும் தனித் திறமையும் தேவை.

பெரினி பண்ணையில் இரண்டாவது தொழில் நன்கு வேரூன்றிற்று. மிளகு தடவிப் புகையில் வாட்டிய இறைச்சியைத் தொலைவிலுள்ளோர்க்கு அனுப்பும் வியாபாரமும் அதனுடன் வளர்ந்தது. 2014-ல் ஜேம்ஸ் பியர்ட் ஸ்தாபனம், தத்தம் வட்டாரத்தின் தன்மையைக் காத்துவரும் உணவுச்சாலைகளுக்குரிய விருதினை இதற்கு வழங்கியது.

இதனின்று அறிய வேண்டியது, சமையலைப் பற்றியதன்று. முதலில் வாங்குவோர், பின்னர் கட்டிடம் என்ற வரிசை இங்கே தவறவில்லை. புதுக் கட்டிடத்துக்குக் கடன் தேடுமுன் இருந்த கொட்டகை பயன்பட்டது; பயனற்றதென வெறுக்கப்பட்ட மரம் விறகாயிற்று; ஊரார் மறந்துவந்த பழைய வழக்கம் விலைபெற்றது. விளைபொருளுக்கு நிலத்திலேயே மதிப்பைக் கூட்ட விரும்புவோர், தம்மிடம் ஏற்கெனவே உள்ளவற்றை முதலில் எண்ணிப் பார்ப்பாராக. வாங்குவோர் உண்டென்பதைச் சிறு அளவில் சோதித்தறிந்த பின்னரே பெருமுதல் இடுவாராக.